போர்க்காலப் புகழ்மொழி: கார்ல் கிரவுஸும் விக்டர் கிளெம்பெரரும்

இருபதாம் நூற்றாண்டின் இரு உலகப்போர்களிலும் ஜெர்மன் மொழிச் செய்தித்தாள்கள் போர்முனையையும் விளையாட்டுத் திடலையும் நாடக மேடையையும் ஏறத்தாழ ஒரே சொற்களால் புகழ்ந்தன. இதைக் கூர்ந்து கவனித்துப் பதிவுசெய்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். முதல் உலகப்போரின்போது வியன்னாவில் எழுதிய கார்ல் கிரவுஸ் (1874-1936) ஒருவர். இட்லர் ஆட்சியில் ட்ரெஸ்டன் நகரில் யூதராக ஒடுக்கப்பட்டு வாழ்ந்த மொழியறிஞர் விக்டர் கிளெம்பெரர் (1881-1960) மற்றவர். முன்னவர் அங்கத எழுத்தாளர், தன் பெயரில் சொந்த இதழ் நடத்தியவர். பின்னவர் செய்தித்தாள் வாங்கும் உரிமைகூடப் பறிக்கப்பட்டவர். இருவரும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தார்கள். குறை சொல்ல இடமில்லாத இடத்தில் சொல்லப்படும் புகழ் வாசகருக்கு எதைத் தெரிவிக்கிறது?

கிரவுஸ்: முதல் காட்சி இரவும் முதல் குண்டும்

கிரவுஸ் 1899-இல் தொடங்கிய 'தீப்பந்தம்' (டி ஃபாக்கெல்) இதழ் வியன்னாவின் செய்தித்தாள்களை, குறிப்பாக அன்று செல்வாக்கு மிகுந்திருந்த 'நோயெ ஃப்ரையெ பிரெஸ்ஸெ' நாளிதழை, வரிக்கு வரி எடுத்து விசாரித்தது. கிரவுஸ் நாடகத்தை நேசித்தவர். ஆகவே நாடக விமர்சகர்களின் அலங்கார நடை அவருக்கு நெருக்கமாகத் தெரியும். 1914-இல் போர் வந்தபோது அதே நடை போர்முனைக்கு இடம்பெயர்ந்ததை அவர் உடனே கண்டுகொண்டார். மாலைப்பொழுதின் ஒளியையும் நடிகையின் குரலையும் வருணித்துப் பழகிய பேனாக்கள் இப்போது பீரங்கி ஒளியையும் சிப்பாயின் முகத்தையும் வருணித்தன. அந்த ஆண்டின் இறுதியில் கிரவுஸ் ஆற்றிய உரையின் தலைப்பே 'இந்த மாபெரும் காலத்தில்' என்பது. எல்லாச் செய்தித்தாள்களும் சொல்லிக்கொண்டிருந்த 'மாபெரும்' என்ற அடைமொழியை எடுத்து, அதன்மேலேயே அந்த உரையைக் கட்டினார்.

அவருடைய பெரும்படைப்பான 'மனிதகுலத்தின் இறுதி நாட்கள்' (நூல்வடிவம் 1922) இருநூறுக்கும் மேற்பட்ட காட்சிகளைக் கொண்ட நாடகம். அதன் கணிசமான பகுதி செய்தித்தாள்கள், அறிக்கைகள், தெருப்பேச்சு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்டது. நம்பமுடியாதவையாகத் தோன்றும் உரையாடல்கள் உண்மையிலேயே பேசப்பட்டவை என்று கிரவுஸ் முன்னுரையில் சொல்கிறார். ரஷ்யாவில் போர் தொடங்கியபோது சிக்கிக்கொண்ட ஒரு நடிகை ஊர் திரும்பும் காட்சி அதில் உண்டு. நிருபர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். தன்னை அங்கே நல்லவிதமாக நடத்தினார்கள் என்று அவள் சொல்கிறாள். நிருபர்களுக்கு அது பயன்படாது. பட்ட துன்பத்தைச் சொல்லச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். மறுத்தால் மேடை வாழ்வு என்னவாகும் என்று நினைவூட்டுகிறார்கள். கடைசியில் அவள் படாத துன்பம் பத்திரிகையில் ஏறுகிறது. நாடகப் பக்கத்தை நிரப்புகிற ஆட்களே போர்ப் பக்கத்தையும் நிரப்புகிறார்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லமுடியாது.

போர்முனைக்குச் சென்ற பெண் நிருபர் ஆலிஸ் ஷாலெக் இந்நாடகத்தில் திரும்பத் திரும்ப வருகிறார். குண்டு வீசும் சிப்பாயிடம் அந்தக் கணத்தில் என்ன உணர்ந்தாய் என்று கேட்கிறார். இன்று விளையாட்டு முடிந்ததும் வீரரின் முகத்துக்கு நேரே ஒலிவாங்கியை நீட்டிக் கேட்கப்படும் அதே கேள்வி. கிரவுஸின் கணிப்பு இங்கே துல்லியமானது. ஆனால் அவர் நியாயமானவராக இருந்தார் என்று சொல்லமுடியாது. அதே வேலையைச் செய்த ஆண் நிருபர்கள் பலர் இருக்க, ஒரு பெண் அங்கே போனதே அவருக்குக் கூடுதல் எரிச்சலைத் தந்தது. ஷாலெக் பற்றிய காட்சிகளில் அந்தக் கசப்பு கலந்திருக்கிறது.

தேய்ந்த சொற்றொடர் வாசகனின் கற்பனையைக் கொன்றுவிடுகிறது, கற்பனை இருந்திருந்தால் போரைத் தாங்கிக்கொண்டிருக்க முடியாது என்பது கிரவுஸின் வாதம். நாடகத்தில் அவருடைய குரலாகப் பேசும் பாத்திரத்துக்குப் பெயரில்லை. 'குறைசொல்லி' என்றே அழைக்கப்படுகிறது.

1936: குறைசொல்லிகளுக்குத் தடை

கிரவுஸ் 1936 ஜூனில் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் ஜெர்மன் பிரச்சார அமைச்சர் யோசப் கோயபல்ஸ் கலை விமர்சனத்தையே தடைசெய்தார். அதற்கான தயாரிப்பு முன்பே தொடங்கியிருந்தது. 1934 மே மாதம் முணுமுணுப்பவர்களுக்கும் குற்றம் காண்பவர்களுக்கும் எதிராக ஓர் இயக்கம் அறிவிக்கப்பட்டது. 1936 மே மாதம், நாடகம் முடிந்த இரவே எழுதி மறுநாள் காலை வெளியிடும் 'இரவு விமர்சனம்' நிறுத்தப்பட்டது. நவம்பர் ஆணைக்குப் பிறகு 'கலை விமர்சனம்' என்ற சொல்லின் இடத்தில் 'கலைச் செய்தி' வந்தது. எழுதுபவர் 'விமர்சகர்' என்ற பெயரை இழந்தார். மதிப்பிடுவது கட்சியின் வேலை, செய்தியாளர் விவரித்தால் போதும், பாராட்டினால் நல்லது என்பதே ஏற்பாடு.

இந்த ஆணை எதை அழித்தது என்பதை அறிய அதற்கு முந்தைய பத்தாண்டுகளைப் பார்க்கவேண்டும். பெர்லினில் ஆல்ஃபிரட் கெர், ஹெர்பர்ட் ஈரிங் என்ற இரு விமர்சகர்கள் ஆண்டுக்கணக்கில் எதிரெதிராக நின்றார்கள். பெர்டோல்ட் பிரெக்ட் என்ற இளம் நாடகாசிரியருக்கு 1922-ஆம் ஆண்டின் கிளைஸ்ட் பரிசைக் கொடுத்தவர் ஈரிங். பிரெக்டை ஏற்க மறுத்தவர் கெர். வாசகர்கள் இருவரையும் படித்துவிட்டு அரங்கத்துக்குப் போய் தாங்களே முடிவுசெய்தார்கள். ஈரிங் பாராட்டினார் என்றால் அதற்குப் பொருள் இருந்தது, ஏனெனில் அவர் தாக்கவும் செய்வார். 1933-இல் கெர் நாட்டைவிட்டுத் தப்பினார். அவர் நூல்கள் எரிக்கப்பட்டன. ஈரிங் 1936-இல் எழுதும் உரிமையை இழந்தார்.

1937-இல் பெர்லின் அரசு நாடக அரங்கில் யூர்கென் ஃபேலிங் ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தை இயக்கினார். வெர்னர் கிரவுஸ் ரிச்சர்டாக நொண்டி நடந்தார். அவனுடைய காவலர்களின் உடை அன்றைய கட்சிப் படையினரை நினைவூட்டியது. பிரச்சார அமைச்சரும் கால் ஊனமுற்றவர். அரங்கத்தில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் கண்ணெதிரே தெரிந்தது. ஆனால் அந்த மேடையில் நடந்தவற்றுள் மிக முக்கியமானதை எந்தச் செய்தித்தாளும் வெளிப்படையாக எழுதியிருக்கமுடியாது. நடிப்பைப் பாராட்டலாம், ஒளியமைப்பைப் பாராட்டலாம். கூர்மையான எழுத்தாளர்கள் பாராட்டின் அளவை ஏற்றியும் இறக்கியும், சிலவற்றைச் சொல்லாமல் விட்டும் தங்கள் கருத்தைக் கசியவிட்டார்கள். வாசகர்களும் அப்படிப் படிக்கப் பழகினார்கள். புகழ் கட்டாயமாக்கப்பட்ட இடத்தில் மௌனம் ஒன்றே கண்டனமாகிறது.

ஓட்டப்பந்தய வீரன், பீரங்கிவண்டி வீரன்

கிளெம்பெரர் ட்ரெஸ்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியராக இருந்தவர். 1935-இல் பதவி பறிபோனது. மனைவி ஏவா யூதர் அல்லர் என்பதால் அவர் உயிர் உடனடியாகப் பறிக்கப்படவில்லை. 1940-இல் வீட்டைவிட்டு 'யூதர் வீடு' ஒன்றுக்கு மாற்றப்பட்டார். 1941 செப்டம்பர் முதல் மஞ்சள் நட்சத்திரம் அணிந்தார். நூலகம், வானொலி, பிறகு செய்தித்தாள் என ஒவ்வொன்றாகத் தடை வந்தது. அவர் ரகசியமாக நாட்குறிப்பு எழுதினார். தாள்களை ஏவா பிர்னா என்ற ஊரிலிருந்த மருத்துவத் தோழியிடம் கொண்டுபோய் மறைத்துவைத்தார். அவை சிக்கியிருந்தால் மூவருக்கும் மரணம். அக்குறிப்புகளிலிருந்து உருவான 'எல்.டி.ஐ.' என்ற நூல் 1947-இல் வெளியானது. லத்தீனில் 'மூன்றாம் பேரரசின் மொழி' என்பதன் சுருக்கம் அது. கட்சி தன் அமைப்புகளுக்கெல்லாம் வைத்த சுருக்கப்பெயர்களைக் கேலிசெய்யும் தலைப்பு.

நூல் 'வீரம்' என்ற சொல்லுடன் தொடங்குகிறது. அந்த ஆண்டுகளில் வளர்ந்த இளைஞர்களுக்கு அந்தச் சொல் மூன்று சீருடைகளில் வந்தது என்கிறார் கிளெம்பெரர். முதலில் தெருச்சண்டையிடும் கட்சித் தொண்டனின் உடை. அடுத்தது கார் பந்தய வீரனின் தலைக்கவசமும் கண்ணாடியும் கையுறையும். மூன்றாவது பீரங்கிவண்டி ஓட்டுபவனின் உடை. இரண்டாவது சீருடை மூன்றாவதற்குப் பாலமாக இருந்தது. பெர்ன்ட் ரோசெமையர் என்ற பந்தய வீரர் 1938 ஜனவரி 28 அன்று பிராங்க்ஃபர்ட்-டார்ம்ஸ்டாட் நெடுஞ்சாலையில் வேகச்சாதனை முயற்சியில் இறந்தார். கட்சியின் முதன்மைத் தியாகியாகக் கொண்டாடப்பட்ட ஹோர்ஸ்ட் வெசலுக்கு ஏறத்தாழ இணையாக மக்கள் மனதில் அவர் சிலகாலம் இருந்தார் என்று கிளெம்பெரர் எழுதுகிறார். அரசியலும் விளையாட்டும் மரணமும் ஒரே பாராட்டுக்குள் வந்தன.

விளையாட்டு மொழி போருக்குள் நுழைந்ததில் குத்துச்சண்டைக்குத் தனியிடம் உண்டு. 1936 ஜூன் 19 அன்று நியூயார்க்கில் மாக்ஸ் ஷ்மெலிங் பன்னிரண்டாம் சுற்றில் ஜோ லூயிஸை வீழ்த்தியபோது அந்தப் படச்சுருள் 'ஷ்மெலிங்கின் வெற்றி, ஒரு ஜெர்மன் வெற்றி' என்ற தலைப்பில் ஜெர்மன் திரையரங்குகளில் ஓடியது. இரண்டாண்டு கழித்து லூயிஸ் முதல் சுற்றிலேயே அவரை வீழ்த்தினார். அதை 'ஒரு ஜெர்மன் தோல்வி' என்று தலைப்பிட யாரும் இல்லை. ஸ்டாலின்கிராடுக்குப் பிறகு கோயபல்ஸ் நாட்டையே குத்துச்சண்டை வீரனாக வருணித்தார். கண்ணில் வழியும் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்கு உறுதியாக எழுந்து நிற்பவன் என்றார். இந்த உவமையின் சிறுமையை கிளெம்பெரர் பொறுக்கமாட்டாமல் சுட்டுகிறார். பல லட்சம் பேர் சாகும் நிகழ்வை மாலைநேரக் கேளிக்கையின் அளவுக்கு இது சுருக்கிவிடுகிறது. அதோடு, குத்துச்சண்டையில் அடுத்த சுற்று என்று ஒன்று எப்போதும் வரும் என்ற நம்பிக்கையையும் சேர்த்து விற்கிறது.

1943 பிப்ரவரி 18 அன்று 'முழுப்போர்' வேண்டுமா என்று கோயபல்ஸ் கூட்டத்தைக் கேட்ட இடம் பெர்லினின் விளையாட்டு மாளிகை. ஆறுநாள் மிதிவண்டிப் பந்தயத்துக்கும் குத்துச்சண்டைக்கும் பேர்போன அரங்கம். கூட்டத்தில் நடிகர் ஹைன்ரிக் ஜார்ஜ் அமர்ந்திருந்தது செய்திப்படத்தில் பதிவாகியிருக்கிறது. விளையாட்டு அரங்கம், நாடக நடிகர், போர் முழக்கம் மூன்றும் ஒரே சட்டகத்துக்குள் வந்த நாள் அது.

மிகைச்சொல்லின் சாபம்

எல்.டி.ஐ. நூலின் மிக வலுவான பகுதிகள் தனிச்சொற்களைப் பற்றியவை. 'வரலாற்றுச் சிறப்புமிக்க' என்ற அடைமொழி எதற்கெல்லாம் சூட்டப்பட்டது என்று கிளெம்பெரர் கணக்கெடுக்கிறார். தலைவரின் ஒவ்வொரு உரைக்கும், புதிய சாலைத் திறப்புக்கும், பந்தயக் கார் ஒன்றின் வெற்றிக்கும் அதுவே. அது தேய்ந்தபோது 'உலக வரலாற்று' என்று நீட்டப்பட்டது. அமெரிக்க விளம்பரங்களிலும் மிகைச்சொற்கள் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அவை குழந்தைத்தனமான தற்பெருமை, வாசகனும் அதை அப்படியே எடுத்துக்கொள்வான். அரசு நேரடியாகக் கட்டுப்படுத்தும் மிகைச்சொல்லை மறுத்துப்பேச இன்னொரு கடையே இல்லை என்பதுதான் வேறுபாடு.

'வெறிகொண்ட' என்ற சொல்லின் வரலாறு இன்னும் விசித்திரமானது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிவொளி எழுத்தாளர்களைப் பயின்ற கிளெம்பெரருக்கு அது ஒரு நோயின் பெயர். மூன்றாம் பேரரசில் அது உயர்ந்த பாராட்டானது. வெறிகொண்ட விசுவாசம், வெறிகொண்ட உறுதி என்று எழுதினார்கள். 1944-இன் இறுதியில் அதுவும் போதாமல் கோயபல்ஸ் 'காட்டுத்தனமான வெறி' என்று அடைமொழிக்கு அடைமொழி கொடுக்கவேண்டியிருந்தது. அண்மைத் தமிழில் திரைப்பட ரசிகர்களின் வாயில் 'வெறித்தனம்' பாராட்டாக மாறியிருப்பதை அறிந்த வாசகருக்கு இந்தத் திருப்பம் புரியும். ரசிகர் பேச்சை அலுத்தவர் விட்டுவிட்டுப் போகலாம். அங்கே போக இடமிருக்கவில்லை.

போர் அறிக்கைகளில் மிகைச்சொல் பெருகியதை இன்னொரு விதத்தில் பார்க்கலாம். 1941 கோடையில் சோவியத் ஒன்றியத்தின் மீதான படையெடுப்பின்போது வானொலி, லிஸ்டின் 'பிரெலூட்ஸ்' இசைத்துணுக்கை முழக்கி 'சிறப்பு அறிவிப்பு'களை வெளியிட்டது. அக்டோபரில் அரசின் செய்தித்துறைத் தலைவர் ஓட்டோ டீட்ரிக் கிழக்குப் போர் முடிவாகிவிட்டது என்றே அறிவித்தார். டிசம்பரில் படை மாஸ்கோவுக்கு வெளியே பனியில் நின்றது. முடிந்துவிட்ட போரைப் பற்றி நாள்தோறும் இன்னும் என்ன எழுதுவது? இடத்தின் பெயரும் கிலோமீட்டரும் அறிக்கையில் குறையக் குறைய, சண்டையிடும் விதத்தைப் பற்றிய பாராட்டு கூடியது.

அந்த டிசம்பரில் நடந்ததாகக் கிளெம்பெரர் சொல்லும் ஒரு சிறு நிகழ்ச்சி இந்நூலின் மையம் எனலாம். யூதர் வீட்டில் உடன் வசித்த நண்பர் ஒருவர் வேலை முடிந்து முகமலர்ச்சியுடன் வருகிறார். ஆப்பிரிக்காவில் ஜெர்மன் படைக்கு நிலைமை மோசம் என்கிறார். அப்படி ஒப்புக்கொண்டுவிட்டார்களா என்று கிளெம்பெரர் வியக்கிறார். இல்லை, 'வீரத்துடன் போரிடும் நம் படைகள்' என்று எழுதியிருக்கிறார்கள், அந்தச் சொல் இரங்கல் குறிப்பு மாதிரி ஒலிக்கிறது என்கிறார் நண்பர். அதன்பின் அந்தச் சொல் எத்தனையோ முறை அறிக்கைகளில் வந்தது, ஒருமுறைகூட ஏமாற்றவில்லை என்று கிளெம்பெரர் சேர்க்கிறார். வெல்லும் படையைப் பற்றிச் சொல்ல இடத்தின் பெயர் போதும். தோற்கும் படைக்குத்தான் அடைமொழி தேவைப்படுகிறது. யூதர் வீட்டில் இருந்தவர்களுக்கு இது இலக்கண ஆர்வம் சார்ந்த விஷயமாக இருக்கவில்லை. போர் எப்போது முடியும் என்பதும் தாங்கள் அதுவரை உயிரோடு இருப்போமா என்பதும் அந்த அடைமொழிகளில் இருந்தன.

மரண அறிவிப்புகளையும் அவர் இப்படியே படித்தார். போரில் மகனை இழந்த குடும்பங்கள் செய்தித்தாளில் 'பெருமிதத் துயரத்துடன்' என்று அறிவிப்பது வழக்கமாகியிருந்தது. தலைவருக்காகவும் தாய்நாட்டுக்காகவும் இறந்தான் என்ற தொடரும் வரும். சில குடும்பங்கள் பெருமிதத்தை விட்டுவிட்டன. சில குடும்பங்கள் தலைவரை விட்டுவிட்டன. காசுகொடுத்து அச்சிடும் நான்கு வரியில் ஒரு சொல்லைக் குறைப்பதுதான் அவர்களால் எழுத முடிந்த விமர்சனம்.

ஸ்டாலின்கிராட்: புகழால் இறந்தவர்கள்

1942 நவம்பர் 22 அன்று ஜெர்மன் கால்பந்து அணி பிராட்டிஸ்லாவாவில் ஸ்லோவாக்கியாவை 5-2 என்று வென்றது. போர்க்காலத்தில் அது ஆடிய கடைசிப் பன்னாட்டுப் போட்டி அதுவே. ஸ்டாலின்கிராடைச் சுற்றிவளைக்கும் சோவியத் தாக்குதல் தொடங்கி அன்றோடு மூன்று நாள் ஆகியிருந்தது. இருமாதப் பட்டினிக்குப் பிறகு, 1943 ஜனவரி 30 அன்று ஹெர்மன் கோரிங் வானொலியில் உரையாற்றினார். தெர்மாப்பிலே கணவாயில் மடிந்த ஸ்பார்ட்டர்களோடு ஆறாம் படையை ஒப்பிட்டார். படையினர் சிலர் அதைத் தங்கள் பதுங்குகுழியில் கேட்டார்கள். உயிரோடிருப்பவர்கள் தங்களுக்கான இரங்கலுரையைக் கேட்ட தருணம் அது. மறுநாள் தளபதி பவுலுஸ் சரணடைந்தார். பிப்ரவரி 2 அன்று எஞ்சியவர்களும் சரணடைந்தனர்.

பிப்ரவரி 3-ஆம் தேதி அறிவிப்பு, பவுலுஸின் முன்மாதிரியான தலைமையில் படை இறுதி மூச்சுவரை போரிட்டு வீழ்ந்தது என்றது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி ஒலித்தது. நாடகக் கொட்டகைகளும் திரையரங்குகளும் மூன்று நாள் மூடப்பட்டன. சரண் என்ற சொல் வரவில்லை. ஏறத்தாழ 91,000 பேர் அப்போது உயிருடன் சிறைப்பட்டிருந்தார்கள். அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் அதை அறிய, கேட்டால் தண்டனைக்குரிய வெளிநாட்டு வானொலியைத்தான் நாடவேண்டியிருந்தது. அந்தப் புகழுரை உயிரோடிருந்தவர்களைக் கணக்கிலிருந்து நீக்கியது. பின்னர் சிறைமுகாம்களில் அவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். திரும்பியவர்கள் சில ஆயிரம்பேர் மட்டுமே.

கிளெம்பெரரின் எல்லைகள்

எல்.டி.ஐ. நூலை விமர்சனமின்றி ஏற்கவேண்டியதில்லை. நாஜி மொழியின் வேரை ஜெர்மன் ரொமாண்டிசிசத்தில் தேடும் பகுதிகள் பலவீனமானவை. பிரெஞ்சு அறிவொளியைத் தன் தாய்வீடாகக் கருதியவரின் சாய்வு அதில் தெரிகிறது. சிறு அளவுகளில் உட்கொள்ளப்படும் நஞ்சு என்று மொழியைப் பற்றி அவர் சொன்னது புகழ்பெற்ற உவமை. ஆனால் அது வாசகனை வெறும் நோயாளியாக்கிவிடுகிறது. அவருடைய நூலிலேயே வரும் நண்பரும், மரண அறிவிப்பில் சொல்லைக் குறைத்த குடும்பங்களும் அந்த உவமைக்கு எதிர்ச்சான்றுகள். இன்னொன்று, போருக்குப்பின் சோவியத் பகுதியில் வாழ்ந்த அவர் அங்கும் அதே போன்ற மொழி தலையெடுப்பதைத் தன் நாட்குறிப்பில் 'நான்காம் பேரரசின் மொழி' என்று குறித்தார். வெளியிட்ட நூலில் அதைச் சொல்லவில்லை. அவர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து பிறகு மக்களவை உறுப்பினரும் ஆனார். புகழ் கட்டாயமான இடத்தில் மௌனம் என்ன பொருள்படும் என்பதை அவரை வைத்தும் படிக்கலாம்.

ஆயினும் அவர் வீரம் என்ற சொல்லையே கைவிட்டுவிடவில்லை. யூதக் கணவரைக் கைவிட்டால் எல்லா இடரும் தீரும் என்று அரசு சொன்னபோதும், வசையையும் பட்டினியையும் ஏற்று யூதர் வீடுகளில் உடன் தங்கிய மனைவியரை அவர் அச்சொல்லால் குறிப்பிடுகிறார். அவர்களைப் பாராட்டி எந்தச் செய்தித்தாளும் எழுதவில்லை. நூல் ஏவாவுக்குக் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது.

கடைசி அறிக்கை

1944 செப்டம்பர் 1 அன்று ஜெர்மன் நாடக அரங்குகள் எல்லாம் மூடப்பட்டன. பாராட்டுவதற்கும் மேடை இல்லாமல் போனது. 1945 பிப்ரவரி 13 இரவில் ட்ரெஸ்டன் மீது குண்டு விழுந்தபோது கிளெம்பெரர் மஞ்சள் நட்சத்திரத்தைக் களைந்துவிட்டு மனைவியுடன் தப்பினார். போர் முடிந்தபோது இருவரும் பவேரியாவில் ஒரு சிற்றூரில் இருந்தார்கள்.

மே 1 இரவு வானொலி, பிரக்னரின் ஏழாம் சிம்பொனிக்கிடையே, தலைவர் இறுதி மூச்சுவரை போரிட்டு வீழ்ந்தார் என்று அறிவித்தது. அவர் முந்தைய நாள் தற்கொலை செய்துகொண்டிருந்தார். ஸ்டாலின்கிராடில் உயிரோடிருந்தவர்களுக்குப் பயன்பட்ட அதே தொடர் இங்கே மறுபடி பயன்பட்டது. ராணுவத் தலைமையகத்தின் கடைசி அறிக்கை மே 9 அன்று வெளியானது. நிபந்தனையற்ற சரணுக்கு அடுத்த நாள் எழுதப்பட்ட அது, போர்முனையும் வீட்டுமுனையும் ஆற்றிய பணியை 'ஈடிணையற்றது' என்றது. கிளெம்பெரரின் பட்டியலில் ஏற்கெனவே இடம்பெற்றிருந்த அடைமொழி அது.